தாலிக்கொடியில் ஒன்பது மாதம்

“பொருள்: கிழக்கு உரோமப் பேரரசின் தங்க நாணயம், ஒன்று. காலம்: ஏழாம் நூற்றாண்டு. தொங்கவிடுவதற்கான வளையம் பிற்காலத்தில் பொருத்தப்பட்டது. வளையத்தின் உட்புறத்தில் அண்மைக்காலத் தேய்மானம், காரணம் தெரியவில்லை. எழுத்துகளின் இடுக்குகளில் மஞ்சள் நிறத் தாவரப் படிவு, காரணம் தெரியவில்லை. கண்டெடுத்தவர்: ஒஸ்லோ, புருசெத்தில் வசிக்கும் ஆண், வயது 52. தொல்பொருள் ஆர்வலர், பொழுதுபோக்காக உலோகங்காணி கொண்டு தேடுபவர். சட்டம் பற்றிய போதிய அறிவு இல்லாமையால் நாணயம் ஒன்பது மாதம் தாமதமாக ஒப்படைக்கப்பட்டது. நிலச் சொந்தக்காரருக்கு வெகுமதி உண்டு. தாமதம் காரணமாகக் கண்டெடுத்தவருக்கு இல்லை.”

மாகாணத் தொல்பொருள் பிரிவில் இந்த அறிக்கையை எழுதியவர் ஓர் இளம் பெண். கெட்டிக்காரி, ஒரு வார்த்தையும் கூட்டி எழுதாதவர். நாணயத்தைப் பற்றி அவர் எழுதியதெல்லாம் சரி. மனிதரைப் பற்றி எழுதியதில் வயதும் முகவரியும் மட்டுமே சரி. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முந்திய சக்கரவர்த்தியை அடையாளம் கண்டவருக்கு, மேசைக்கு எதிரே தொப்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஆளை அடையாளம் காண முடியவில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது. எதிரே இருந்த பிலேந்திரன் அன்றுதான் ஓர் அரசாங்க மேசைக்கு முன்னால் முதன்முதலாகப் பொய் சொன்னார். அகதி விண்ணப்பத்தில்கூட உள்ளதை உள்ளபடியே சொல்லி, அதன் பலனாக மற்றவர்களைவிட இரண்டு வருடம் கூடக் காத்திருந்த மனிதர் அவர்.

பிலேந்திரனுக்குத் தொல்பொருளில் ஆர்வம் இருந்ததில்லை. மன்னார்ப் பக்கத்தில் படித்த காலத்தில் சரித்திர பாடத்தில் அவர் வாங்கிய புள்ளிகளை வீட்டில் யாரும் எடுத்துப் பேசுவதில்லை. பொழுதுபோக்கும் கிடையாது, ஏனென்றால் போக்க வேண்டிய பொழுது அவரிடம் மிஞ்சுவதில்லை. புருசெத்தில் ஏழு அடுக்குமாடிகளுக்கு அவர் வக்ட்மெஸ்தர். கதவு இறுகினாலும் குழாய் ஒழுகினாலும் படியில் பனி உறைந்தாலும் எல்லோரும் கூப்பிடும் ஆள்.

சட்ட அறிவு இல்லாதவர் என்பதுதான் அந்த அறிக்கையிலேயே பெரிய அநியாயம். நோர்வேச் சட்டங்களை மதிப்பதில் நோர்வேக்காரரையே வெட்கப்பட வைப்பவர் பிலேந்திரன். தயிர்ப் பெட்டியைக் கழுவித்தான் குப்பையில் போடுவார். அடித்தளத்துச் சலவை அறையில் நோர்வேஜிய மொழியிலும் தமிழிலும் உருதுவிலும் தொங்கும் பதினான்கு விதிகள் அவர் போட்டவை. உலோகங்காணி வாங்கிய அடுத்த வாரமே மாகாண அலுவலகத்துக்கு எழுதி, அது பற்றிய விதிகள் அச்சிட்ட துண்டுப் பிரசுரத்தை எடுப்பித்தார். 1650ஆம் ஆண்டுக்கு முந்திய எந்த நாணயமும் அரசுக்குச் சொந்தம், கண்டவர் உடனடியாக அறிவிக்க வேண்டும் என்ற வரியின் கீழே சிவப்புப் பேனாவால் கோடிழுத்து, மெசின் நிற்கும் அலுமாரியின் கதவில் உட்பக்கமாக ஒட்டிவைத்திருந்தார்.

அந்த மெசின் வந்த கதை சின்னது. ஒரு குளிர்காலத்தில், கார்த் தரிப்பிடத்தில் பனி வழிக்கும்போது மனைவி மக்டலீனின் கலியாண மோதிரம் விழுந்துவிட்டது. பாடசாலை வாத்தியக் குழு நடத்திய பழஞ்சாமான் சந்தையில் ஒரு பழைய உலோகங்காணி கிடந்தது. பிலேந்திரன் அதை வாங்கி வந்து, தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோனியாருக்கு ஒரு செபம் சொல்லிவிட்டு மெசினைப் போட்டார். கால் மணித்தியாலத்தில் மோதிரம் கிடைத்தது. மக்டலீன் மோதிரத்தைப் போட்டுக்கொண்டார். மெசினை மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை.

“எங்கடை ஊரிலை இது கத்தினால் ஆக்கள் தள்ளிப் போவினம். நீங்கள் கிட்டப் போறியள்” என்றார்.

“இஞ்சை மிதிவெடி இல்லையப்பா.”

“இல்லையெண்டு இந்த மெசினுக்குத் தெரியுமோ?”

மோதிரம் கிடைத்த கதை பரவியது. மணல் குழியில் விழுந்த தோடு, ஏரிக்கரையில் தொலைந்த கார்ச் சாவி, பனியில் போன கைச்சங்கிலி என்று தமிழர்கள் வரிசையாக வந்தார்கள். சைவக்காரர்களும் வந்தார்கள், வந்து, “அண்ணை, அந்தோனியாருக்குச் சொல்லிப்போட்டியளோ?” என்று முதலில் அதைத்தான் கேட்டார்கள். பிலேந்திரன் யாரிடமும் ஒரு குரோணரும் வாங்குவதில்லை.

2006ஆம் ஆண்டு ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், மூன்றாம் வாசலில் குடியிருக்கும் உதயகுமாரி பிலேந்திரன் வீட்டுக் கதவைத் தட்டினார். கோடை வெயிலிலும் சட்டையின் கழுத்தை ஊசியால் குத்தி மூடியிருந்தார்.

“அண்ணை, அக்கா நிக்கிறாவோ?”

மக்டலீன் வந்ததும் உதயகுமாரி அவரைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். அடுத்த நிமிடம் மக்டலீன் தலையை வெளியே நீட்டி, “இஞ்சாருங்கோ, உங்களிட்டைத்தான் வந்திருக்கிறா” என்றார்.

உதயகுமாரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “கொடியிலை ஒரு காசு இல்லை, அண்ணை.”

யாழ்ப்பாணத்துத் தாலிக்கொடியில் நடுவில் தாலி, இரண்டு பக்கமும் மன்னர் தலை பொறித்த ஒவ்வொரு ஆங்கிலப் பவுண் காசு. ஒன்று குறைந்தால் கொடி மூளி. சாதாரண நாளிலேயே அது மனதைக் குழப்பும். உதயகுமாரியின் புருஷன் ஸ்ரீதரன், நகர பஸ் ஓட்டுகிறவர், அப்போது ஈரலில் கட்டியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். வியாழக்கிழமை சத்திரசிகிச்சை. அன்று காலை அவர்தான் பிடிவாதமாக மனைவியை அனுப்பியிருந்தார்: கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து என் முகத்தைப் பார்த்து என்ன கண்டாய், போய் எனக்கு நாலு ஸ்ரோபெரி பிடுங்கிக்கொண்டு வா என்று. தெரிந்த குடும்பமொன்றின் காரில், திராமனுக்குப் போகும் வழியில் உள்ள, நாமே பிடுங்கி எடுக்கும் பழத்தோட்டத்துக்கு உதயகுமாரி போயிருந்தார்.

“குனிஞ்சு குனிஞ்சு பிடுங்கினனான், அண்ணை. வளையம் தேய்ஞ்சு போய்க் கிடந்தது, கட்டவேணும் கட்டவேணும் எண்டு... அவருக்குத் தெரியாது. வியாழக்கிழமை வெட்டுகினம். அதுக்கிடையிலை...”

“பயப்பிடாதையும் உதயா. அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துவிடுறன்” என்றார் மக்டலீன்.

“நான் பிள்ளையாருக்கும் சொல்லிப்போட்டன், அக்கா.”

“நல்லது. ரெண்டு பேருமாத் தேடட்டும். தோட்டம் பெரிசாம்.”

தோட்டச் சொந்தக்காரர் ஷெல், எழுபது வயது நோர்வேக்காரர். அவரிடம் பிலேந்திரன் அனுமதியைக் கடதாசியில் எழுதி வாங்கினார். சொல்லில் தந்தால் போதாதா என்று கேட்டுச் சிரித்த ஷெல், தங்கம் கிடைத்தால் பாதி தனக்கு என்றும் சொன்னார். ஞாயிறு பூசைக்குப் பிறகு பிலேந்திரன் தேடினார். திங்கள் வேலை முடிந்து போய்த் தேடினார். ஆணிகள், போத்தல் மூடிகள், குதிரை லாடத்தில் பாதி. செவ்வாய் பின்னேரம், கடைசி வரிசையையும் தாண்டிக் கல் குவித்த ஓரத்தில், மெசின் வேறு ஒரு குரலில் கத்தியது. பிலேந்திரன் முழங்காலில் இருந்து தோண்டினார். ஆறு விரற்கடை ஆழத்தில் ஒரு மண்கட்டி. அதில் ஒரு பக்கம் மஞ்சளாக மின்னியது. உச்சியில் ஒரு வளையம்.

சனிக்கிழமை விழுந்த காசு செவ்வாய்க்கிழமைக்குள் ஆறு விரற்கடை ஆழத்துக்கு எப்படிப் போகும்? இந்தக் கேள்வியை வேறு எந்த நாளிலும் முதலாவதாகக் கேட்கக்கூடியவர் பிலேந்திரன். அன்று கேட்கவில்லை. கழுவிப் பார்க்கவும் இல்லை. இன்னொருவன் பெண்சாதியின் தாலிக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அவர் வளர்ந்த வளர்ப்பில் இல்லை. மண்ணோடு அப்படியே கைக்குட்டையில் முடிந்துகொண்டு போய், மூன்றாம் வாசலில் நான்காம் மாடியில் கொடுத்துவிட்டுத் திரும்பினார். உதயகுமாரி கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வியாழக்கிழமை சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. மக்டலீன் இரண்டு மெழுகுதிரி கொளுத்தினார்.

ஆவணி முடிகிற சமயம், பிலேந்திரன் சலவை அறையில் ஒரு மெசினைப் பின்பக்கம் கழற்றி வைத்துக்கொண்டிருந்தபோது உதயகுமாரி ஒரு கூடை உடுப்போடு இறங்கி வந்தார். கூடையை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“அண்ணை, ஒண்டு சொல்லவேணும். கோவிக்கப்படாது.”

“மெசின் பிழையெண்டால் அந்தக் கொப்பியிலை எழுதி வையுங்கோ தங்கச்சி. நாலாம் விதி.”

“மெசின் இல்லை. அந்தக் காசு.”

“என்ன, திரும்பவும் விழுந்துபோச்சோ?”

“விழேல்லை. அது என்ரை காசு இல்லை. எனக்கு அண்டைக்கே தெரியும்.”

பிலேந்திரன் திருகாணிச் சாவியைக் கீழே வைத்தார்.

“கழுவினவுடனை கண்டனான். என்ரை காசிலை ஜோர்ஜ் மன்னர் பக்கவாட்டிலை பாத்துக்கொண்டு நிக்கிறவர். இதிலை ஒருத்தர் நேரை என்னைப் பாக்கிறார். பின்னாலை சிலுவை. அப்பதான் விளங்கிச்சுது. தேடிக் கிடைக்கேல்லை எண்டு சொல்ல மனமில்லாமல் அக்காவின்ரை காசைக் கழட்டிக் கொண்டந்து தந்திருக்கிறியள். நான் சங்கடப்படக்கூடாது எண்டு மண்ணையும் பூசி... அந்த மண்ணைப் பாத்துத்தான் அண்ணை நான் அழுதனான். எனக்கு இஞ்சை கூடப்பிறந்தவை ஒருத்தரும் இல்லை.”

“அதை ஒருக்கா காட்டுங்கோ தங்கச்சி” என்றார் பிலேந்திரன்.

உதயகுமாரி கொடியைச் சட்டைக்கு வெளியே எடுத்தார். ஊரில் ஆண்பிள்ளைகள் பார்க்கக் கூசுகிறதை, அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, கையை முதுகுக்குப் பின்னால் கட்டியபடி குனிந்து பார்த்தார். ஒரு பக்கம் ஜோர்ஜ் மன்னர். மறுபக்கம் கண் பிதுங்கிய, மார்புவரை தாடி தொங்கும் ஒருவர். முடியின் உச்சியில் சிறிய சிலுவை. சுற்றிலும் தேய்ந்த எழுத்து. அலுமாரிக் கதவில் சிவப்புக் கோடிழுத்த வரி அவருக்கு எழுத்துப் பிசகாமல் நினைவுக்கு வந்தது.

“தங்கச்சி, இது...”

“சிலுவை எண்டாலும் பரவாயில்லை, அண்ணை. மஞ்சள் தண்ணியிலை கழுவி, சாமிக்கு முன்னாலை வைச்சு ஏத்தினனான். அவர் எழும்பி நடக்கிறார். இனி அவர் இருக்குமட்டும் இதைக் கழட்டேலாது. அக்காவுக்கு நான் வேறை ஒண்டு செய்விச்சுத் தாறன்.”

சொல்ல வேண்டியது ஒரு வசனம்தான். அதைச் சொன்னால் உதயகுமாரி அங்கேயே நின்று கொடியைக் கழற்ற வேண்டிவரும். பிலேந்திரன் சலவை மெசினைப் பார்த்தார்.

“அவசரம் இல்லை, தங்கச்சி. இருக்கட்டும்” என்றார்.

மேலே வந்து மனைவியிடம் சொன்னார். மக்டலீன் முதலில் தன் கழுத்தைத் தடவிப் பார்த்தார். அவருடைய கொடியில் புறா பொறித்த கிறிஸ்தவத் தாலியும் இரண்டு காசும் இருந்த இடத்தில் இருந்தன.

“நீங்கள் குப்பையை நாலாப் பிரிச்சுப் போடுற மனிசன். இப்ப அரசாங்கத்தின்ரை தங்கத்தைக் கொண்டுபோய் உதயாவின்ரை கழுத்திலை கட்டிப்போட்டு வந்து நிக்கிறியள்.”

“நான் கட்டேல்லை, மக்டலீன்.”

“அந்தப் பேச்சை வேறை ஆரிட்டையும் பேசிப்போடாதேங்கோ.” பிறகு, “அப்ப நான் அவளுக்குக் காசு குடுத்த பெரிய மனிசியோ? இனி அவள் என்னைக் கண்டால் கும்பிடுவாளே. நான் முகத்தை எங்கை வைக்கிறது?” என்றார்.

மாட்டிக்கொண்ட நிலைமை இதுதான்: காசு அரசுடையது, ஒரு நாள் வைத்திருந்தாலும் குற்றம். கழற்றினால் உதயகுமாரிக்கு அது புருஷனை எமனிடம் கொண்டுபோய்க் கொடுப்பது மாதிரி. பிலேந்திரன் தாலிக் காசுக்கும் ஈரலுக்கும் தொடர்பு உண்டென்று நம்புகிறவர் இல்லை. அவர் அப்படி நம்பாதது உதயகுமாரிக்கு எந்த விதத்திலும் உதவாது என்பது மட்டும் அவருக்கு விளங்கியது.

ஒரே ஒரு வழி இருந்தது. தொலைந்த உண்மைக் காசு இன்னும் அந்தத் தோட்டத்தில்தான் கிடக்கிறது. அதைக் கண்டுபிடித்துவிட்டால், வளையத்தில் ஒன்றை எடுத்து ஒன்றைப் போட ஒரு நிமிடம். கொடியும் நிறையும், அரசும் தன் காசைப் பெறும். புரட்டாதி தொடங்கி ஒவ்வொரு சனிக்கிழமையும் பிலேந்திரன் திராமன் பாதையில் போனார். முதல் நாளே போன வரிசைகளில் திரும்பவும் போனார், குறுக்கே போனார், நெடுக்கே போனார். ஷெல் கோப்பியும் வாஃபலும் கொண்டுவந்து கொடுத்து, உங்களுக்குப் பழமையில் இவ்வளவு பற்றா என்று வியந்தார். அறிக்கையில் ‘தொல்பொருள் ஆர்வலர்’ என்ற சொல் இந்த வாஃபலில் இருந்துதான் புறப்பட்டிருக்க வேண்டும். பதினோராம் சனிக்கிழமை மண் கல்லாகிவிட்டது. மண்வெட்டி தெறித்துத் திரும்பியது.

அந்த மாரியில்தான் பிலேந்திரன் நோர்வேப் பிரஜையானார். பதினெட்டு வருடம் ஊருக்குத் திரும்பலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் விண்ணப்பித்திருந்தார். புதிய பிரஜைகளை நகரசபை மண்டபத்துக்கு அழைத்து உறுதிமொழி எடுக்க வைக்கும் சடங்கு அந்த வருடம்தான் தொடங்கியிருந்தது. வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாததை எல்லாம் கட்டாயமாகச் செய்கிறவர் கோட்டுப் போட்டுக்கொண்டு போனார். நாட்டின் சட்டங்களை மதிப்பேன் என்ற இடம் வந்தபோது அவருடைய வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பின்வரிசையில் இருந்த மக்டலீனுக்கு அவர் முதுகைப் பார்த்தே அது தெரிந்துவிட்டது.

மார்கழியில் ஸ்ரீதரனுக்குக் கட்டி திரும்பி வந்தது. இந்தத் தடவை வெட்டுவதற்கு இல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், உதயகுமாரி குறொன்லாண்டுக்குச் சாமான் வாங்கப் போயிருந்த நேரம், பிலேந்திரன் ஸ்ரீதரனைப் பார்க்கப் போனார். ஸ்ரீதரன் ஜன்னலோரம் தலையணைகளுக்கு நடுவில் இருந்தார். முகம் மஞ்சளித்திருந்தாலும் வாய் குறையவில்லை.

“வாரும் பிலேந்திரன். உம்மை ஒண்டு கேக்கவேணும். என்ரை மனிசியின்ரை கொடியிலை ஆரோ ஒரு தாடிக்காரன் தொங்குறான். ஆரவன்?”

பிலேந்திரன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

“நான் பஸ் ஓடினவன், காணும். பின்னுக்கு இருக்கிறவன் என்ன செய்யிறான் எண்டு கண்ணாடியிலை பாத்துப் பழகினவன். ஆஸ்பத்திரியாலை வந்த அண்டே கண்டனான். அவள் எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள். நினைக்கட்டும். நீர் சொல்லும்.”

பிலேந்திரன் எல்லாவற்றையும் சொன்னார். ஸ்ரீதரன் சிரிக்கத் தொடங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நோவோடு சிரித்தார்.

“அப்ப நோர்வே அரசாங்கம் என்ரை மனிசியின்ரை கழுத்திலை தொங்குது. இவ்வளவு வருசம் வரி கட்டினதுக்கு இப்பதான் ஒரு பலன்.”

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்:

“எனக்கு உதிலை ஒண்டும் இல்லை. விழுந்தது விழுந்ததுதான். ஆனா அவள் அந்தக் காசைப் பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறாள். இரவிலை கையிலை பொத்திக்கொண்டு படுக்கிறாள். கனநாள் இல்லை, பிலேந்திரன். அதுவரைக்கும் விடும்.”

“விடுறன்.”

“உமக்குப் பிரச்சினை ஏதும் வருமோ?”

“பெரிசா வராது.”

“நல்லாப் பொய் சொல்லப் பழகும். இது காணாது” என்றார் ஸ்ரீதரன்.

மாசி கடந்து பங்குனி தொடங்கியபோது ஸ்ரீதரன் இறந்தார். பிலேந்திரன் சவப்பெட்டி தூக்கியவர்களில் ஒருவராக நின்றார். தகன மண்டபத்தில், பெண்கள் சூழ்ந்து நின்ற இடத்தில், உதயகுமாரியின் கழுத்திலிருந்து கொடி கழற்றப்பட்டது. அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பிலேந்திரன் சுவரில் தொங்கிய அவசர வழி அறிவிப்பை வாசித்தார். எத்தனை தடவை வாசித்தும் ஒரு சொல்லும் மனதில் நிற்கவில்லை.

முப்பத்தோராம் நாள் கடன் முடிந்த மறுநாள் உதயகுமாரி வந்தார். கையில் ஒரு கைக்குட்டை, பிலேந்திரனுடையது, தோய்த்து மடித்திருந்தது. அதை மக்டலீனின் முன்னால் நீட்டினார்.

“அக்கா, உங்கடை காசு. நான் இவ்வளவு நாளும் வைச்சிருந்திட்டன்.”

மக்டலீன் கையை நீட்டவில்லை. புருஷனைப் பார்த்தார். பிலேந்திரன் எழுந்து நின்று, பாடம் ஒப்புவிக்கிற மாதிரி, அது நிலத்திலிருந்து வந்ததையும் யாருக்குச் சேர வேண்டியது என்பதையும் சொன்னார். உதயகுமாரி கைக்குட்டையை மேசையில் வைத்தார்.

“அப்ப இவ்வளவு மாதமும் நான் அரசாங்கத்தின்ரை காசோ கட்டியிருந்தனான்?”

“ஓம், தங்கச்சி.”

“ஏனண்ணை அண்டைக்கே சொல்லேல்லை?”

“நீங்கள் ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?”

உதயகுமாரியின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து, பாதியில் அழுகையாக மாறியது. மக்டலீன் அவரைப் பிடித்து இருத்தித் தேத்தண்ணி போடப் போனார். கைக்குட்டை மேசையில் கிடந்தது.

அடுத்த திங்கள் பிலேந்திரன் லீவு எடுத்துக்கொண்டு மாகாண அலுவலகத்துக்குப் போனார். கண்டெடுத்த இடம் எது என்று கேட்டார்கள். வரைபடத்தில் கல்குவியலைச் சரியாகக் காட்டினார். கண்டெடுத்த நாள் எது என்று கேட்டார்கள்; சரியான நாளையே சொன்னார். ஒன்பது மாதம் ஏன் என்று அந்த இளம் பெண் கேட்டார்.

உண்மையான பதில் அவரிடம் இருந்தது. அதைச் சொன்னால் ஒரு விதவையின் பெயர் அரசாங்கத் தாளில் ஏறும். தாலிக்கொடி என்றால் என்ன என்று விளக்க வேண்டும். தொங்கவிடுவதற்காகக் குறொன்லாண்டில் நகை செய்யும் பத்தர் அந்தப் பழைய வளையத்துக்குள் புது வளையம் கோத்ததையும் சொல்ல வேண்டும். உதயகுமாரியையும் ஒருநாள் இதே கதிரைக்குக் கூப்பிடுவார்கள்.

“சட்டம் எனக்குத் தெரியாது” என்றார் பிலேந்திரன்.

இளம் பெண் கனிவோடு தலையசைத்து எழுதிக்கொண்டார். வெகுமதி கிடைக்காமல் போகலாம் என்று வருத்தத்தோடு சொன்னார். இனிமேல் இப்படி நடக்காதிருக்க, லாச்சியைத் திறந்து ஒரு துண்டுப் பிரசுரம் எடுத்துக் கொடுத்தார். பிலேந்திரன் அதை இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லி, நிலக்கீழ் ரயிலில் புருசெத் வரும்வரை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தார். ஓர் எழுத்தும் மாறவில்லை.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும் என்றுதான் மக்டலீன் நினைத்தார். காசு போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. கொடி பெட்டிக்குள் போய்விட்டது. இனி அதில் ஒரு காசு இருந்தால் என்ன, இரண்டு இருந்தால் என்ன. சித்திரை பிறந்து நிலம் இளகியதும் பிலேந்திரன் அலுமாரியைத் திறந்து மெசினை எடுத்தபோது மக்டலீன் வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

“இனி ஆருக்கு?”

“தேடித் தாறன் எண்டு சொன்னனான்.”

“அது அப்ப. அந்த மனிசனே போய்ச் சேர்ந்திட்டுது.”

“நான் இன்னும் தேடிக் குடுக்கேல்லைத்தானே.”

மக்டலீன் வழியை விட்டு, மெழுகுதிரிப் பெட்டியை எடுக்கப் போனார்.

அந்த வசந்தத்தில் ஷெல் பழைய ஸ்ரோபெரி வரிசைகளைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட நிலத்தைக் கொத்திக்கொண்டிருந்தார். பிலேந்திரன் கொத்திய மண்ணில் ஒவ்வொரு சனிக்கிழமையும் நடந்தார். 2007ஆம் ஆண்டு மே மாதம் பன்னிரண்டாம் தேதி, காலை பதினொரு மணியளவில், கிணற்றுப் பக்கமாக நாலாவது வரிசை இருந்த இடத்தில், பழைய வேர்களோடு புரண்டு வந்து, ஒரு விரற்கடை ஆழத்தில், ஜோர்ஜ் மன்னர் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிலேந்திரன் இந்தத் தடவை காசைத் தண்ணீரில் கழுவினார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அதைக் கைக்குட்டையில் முடிந்து, மூன்றாம் வாசலில் நான்காம் மாடிக்குக் கொண்டுபோய், உதயகுமாரியின் கையில் கொடுத்தார்.